குனியாமல் பார்க்க ஒரு கண்ணாடி

அலிபிரியில் மலையேறத் தொடங்கும் இடத்தில் பாத மண்டபம் இருக்கிறது. உலோகத்தில் செய்த பாதுகைகளை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, சன்னதியை ஒரு வலம் வந்துவிட்டுத்தான் பெரும்பாலோர் முதல் படியில் கால் வைக்கிறார்கள். என் சித்தி மகளும் வரிசையில் நின்றாள். முறை வந்தது. பாதுகையைத் தலைக்குத் தூக்காமல், குழந்தையை அணைப்பது போல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தாள்.

"தலையிலே வைக்கலையாம்மா?" என்றேன்.

"கழுத்து ஒத்துக்காது அண்ணா. சாமிக்குத் தெரியும்" என்றாள்.

அவள் பல் டாக்டர். வயது 46. சித்தூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். நோயாளிகளிடம் தெலுங்கு, வீட்டில் தமிழ். திருப்பதியில் இருபது வருடமாகச் சொந்த கிளினிக் நடத்துகிறாள். இரண்டு வருடத்துக்கு முன் மூன்று மாதம் அந்த கிளினிக் பூட்டிக் கிடந்தது. வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப் போயின. பல் டாக்டருக்கு அந்த இரண்டு விரல்தான் மூலதனம். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் கோளாறு கையில் இல்லை, கழுத்தில். எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. ஆபரேஷன் வேண்டாம், ஓய்வும் பயிற்சியும் போதும் என்றார்கள். குணமானால் படியேறி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டாளாம். அந்தக் கடனைத் தீர்க்கத்தான் நாங்கள் வந்திருந்தோம்.

அலிபிரி என்ற பெயரே 'அடிப்புளி'யிலிருந்து வந்தது என்று சொல்வாருண்டு. மலையடிவாரத்தில் ஒரு புளிய மரம். அங்கேதான் திருமலை நம்பி தம் மருமகன் ராமானுஜருக்கு ராமாயணத்தின் பொருளைச் சொல்லிக் கொடுத்தார் என்பது வைணவ மரபு. சித்தூர் மாவட்டத்தில் இருந்த அந்த இடம் 2022 முதல் புதிய திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. மேலே போக ஏறக்குறைய 3550 படிகள், 9 கிலோமீட்டர். பேசிக்கொண்டே ஏற நிறைய நேரம் இருந்தது. பேச்சு முழுவதும் ஒரு மூக்குக் கண்ணாடியைப் பற்றியதாக இருக்கும் என்று மட்டும் நான் நினைக்கவில்லை.

பல் டாக்டரின் கழுத்து ஏன் கெடுகிறது? காரணம் எளிது. அவர்கள் வேலை செய்யும் இடம் ஒரு சிறிய இருட்டறை. வாசல் இரண்டு விரற்கடை அகலம். அதற்குள் நாக்கு அசைகிறது, எச்சில் ஊறுகிறது, கன்னம் மறைக்கிறது. பார்க்க வேண்டிய பொருளோ மில்லிமீட்டர் கணக்கில். பல்லின் வேருக்குள் ஓடும் கால்வாயின் வாய் ஒரு குண்டூசி முனை அளவுதான். இதைப் பெரிதாகப் பார்க்க மனிதக் கண்ணுக்குத் தெரிந்த ஒரே வழி, கிட்டே போவது. அரை மீட்டர் தூரத்தில் உள்ளதைக் கால் மீட்டருக்கு நெருங்கிப் பார்த்தால் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். ஆனால் கண் தனியாக நெருங்க முடியாது. தலையும் கழுத்தும் முதுகும் கூடவே வர வேண்டும்.

வளர்ந்தவர்களின் தலை சுமார் ஐந்து கிலோ. நிமிர்ந்திருக்கும்போது அந்த எடை முதுகெலும்பின் மீது நேராக இறங்குகிறது. குனிந்தால் கணக்கு மாறுகிறது. கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க முதுகெலும்பு சர்ஜன் 2014-ல் கம்ப்யூட்டரில் மாதிரி அமைத்துக் கணக்கிட்டார். தலை 15 டிகிரி முன்னே சாய்ந்தால் கழுத்தின் மீது விழும் விசை 12 கிலோவுக்குச் சமம்; 30 டிகிரியில் 18 கிலோ; 60 டிகிரியில் 27 கிலோ. அவர் கணக்கிட்டது செல்போனைக் குனிந்து பார்ப்பவர்களுக்காக. ஆனால், குனிந்து பார்ப்பது செல்போனையா, சொத்தைப் பல்லையா என்று கழுத்துக்குத் தெரியாது. கிட்டத்தட்ட ஒரு மூட்டை சிமெண்டில் பாதியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு தினமும் ஆறேழு மணி நேரம், இருபது வருடம். என் தங்கை பாதுகையைத் தலையில் வைக்கத் தயங்கியதில் ஆச்சரியமில்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்ற இத்தாலிய மருத்துவர் 1700-ல் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். உட்கார்ந்து குனிந்து வேலை செய்பவர்களின் உடம்பு எப்படி வளைகிறது, நுணுக்க வேலை செய்பவர்களின் கண் எப்படிக் களைக்கிறது என்று பட்டறை பட்டறையாகப் போய்ப் பார்த்து எழுதினார். வேலையை உடம்புக்கு ஏற்ப அமைக்கும் கலைக்கு 'எர்கோனாமிக்ஸ்' என்ற பெயரைப் போலந்துக்காரரான யஸ்த்ரெம்போவ்ஸ்கி 1857-ல் சூட்டினார். வேலை, விதி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டிச் செய்த பெயர். நம் ஊரில் இந்தக் கலை வேறு விதமாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது. உடம்பை வேலைக்கு ஏற்ப வளைத்துக்கொள்பவரைத்தான் கெட்டிக்காரர் என்கிறோம்.

கழுத்தோடு கண்ணும் சேர்ந்து கொள்ளும் வயது நாற்பது. வெள்ளெழுத்து என்று நாம் சொல்வதைத் தெலுங்கில் சத்வாரம் என்கிறார்கள், மராட்டியில் சாளீசி. இரண்டு பெயருக்குள்ளும் நாற்பது என்ற எண் ஒளிந்திருக்கிறது. கண்ணின் லென்ஸ் இறுகி, கிட்டத்தில் உள்ளது மங்கலாகிறது. பேப்பர் படிப்பவர் பேப்பரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துச் சமாளிக்கலாம். நோயாளியின் வாயைத் தள்ளிப் பிடிக்க முடியாது. நெருங்கினால் மங்கல், விலகினால் சிறிது. தொழிலில் அனுபவம் முற்றும் வயதும், கண் கைவிடும் வயதும் ஒன்றாக வந்து சேர்வது இயற்கையின் குறும்பு.

இதற்குத் தீர்வு தட்டான் பட்டறையிலும் வாட்ச் கடையிலும் எப்போதோ வந்துவிட்டது. வாட்ச் ரிப்பேர் செய்பவர் ஒரு கண்ணில் இடுக்கிக்கொள்ளும் கறுப்புக் குப்பியை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். ஆனால் அது ஒற்றைக் கண்ணுக்கு. ஆழம் தெரிய இரண்டு கண்ணும் வேண்டும். அறுவைச் சிகிச்சைக்காக இரட்டைக் கண் உருப்பெருக்கியை 1876-ல் கொண்டுவந்தவர் சேமிஷ் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர். 1912-ல் ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனி, முப்பட்டகம் வைத்த நுட்பமான வகையைச் செய்தது. 1921-ல் ஸ்டாக்ஹோமில் கார்ல் நிலேன் காது ஆபரேஷனுக்கு மைக்ராஸ்கோப்பைப் பயன்படுத்தினார். பல் வைத்தியம் இந்த வரிசையில் கடைசியாகத்தான் வந்தது. பல்லுக்கென்று செய்த மைக்ராஸ்கோப்பை அபோதேகர் என்ற அமெரிக்கர் அறிமுகப்படுத்தியது 1981-ல். அங்கே வேர் சிகிச்சையில் மேற்படிப்பு படிப்பவர்களுக்கு மைக்ராஸ்கோப் பயிற்சி கட்டாயமானது 1998-ல்.

மைக்ராஸ்கோப் பெரிய யந்திரம். அன்றாட வேலைக்கு டாக்டர்கள் நம்புவது 'லூப்' என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியை. சாதாரண மூக்குக் கண்ணாடிச் சட்டத்தில் இரண்டு சிறு தொலைநோக்கிகளைப் பொருத்தியது போல் இருக்கும். நடுவில் ஒரு சின்ன விளக்கு. என் தங்கை அதை மாட்டிக்கொண்டு முதல்முறை என் வாய்க்குள் பார்த்தபோது, என்னைச் சுட வருகிற இரட்டைக் குழல் துப்பாக்கி போலத்தான் எனக்குத் தோன்றியது.

தொலைநோக்கி என்று சொன்னது உவமை அல்ல. உண்மையிலேயே அவை தொலைநோக்கிகள்தான். முன்னே குவிலென்ஸ், பின்னே குழிலென்ஸ் என்ற கலிலியோவின் 1609-ம் வருடத்து அமைப்பு இன்றும் இரண்டரை மடங்கு லூப்புகளில் வாழ்கிறது. எடை குறைவு, விலை குறைவு, வாய் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். மூன்றரை மடங்குக்கு மேல் போக வேண்டுமானால் கெப்ளர் 1611-ல் சொன்ன வழி. இரண்டுமே குவிலென்ஸ். அதில் உருவம் தலைகீழாகத் தெரியும். அதை நிமிர்த்த முப்பட்டகங்கள் வேண்டும். எடை கூடும், விலை கூடும். பார்வையில் அகப்படும் பரப்பு குறையும், வெளிச்சமும் குறையும். பெரிதாகத் தெரிவதெல்லாம் நல்லது என்று நினைத்து ஆறு மடங்கு வாங்கியவர் ஒரே பல்லில் சிக்கிக்கொண்டு பக்கத்துப் பல்லைத் தேடுவார்.

இதனால் நோயாளிக்கு என்ன லாபம்? மேல் தாடையின் முதல் கடைவாய்ப் பல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மூன்று வேர்கள். மூன்று கால்வாய்கள்தானே இருக்கும் என்று நினைப்போம். பெரும்பாலும் நான்காவது ஒன்றும் ஒளிந்திருக்கும். வெறும் கண்ணுக்கு எளிதில் தப்பிவிடும். அதைச் சுத்தம் செய்யாமல் அடைத்து மேலே உறை போட்டுவிட்டால், சில மாதமோ சில வருடமோ கழித்து மறுபடி வலி, மறுபடி சீழ். "ரூட் கானல் பண்ணியும் பிரயோஜனமில்லை, டாக்டர் சரியில்லை" என்று நாம் வேறு டாக்டரைத் தேடுவோம். டாக்டர் சரியாகத்தான் இருந்தார். அவர் கண்ணுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

காளி கோபுரத்தை நெருங்கும்போது மூச்சு வாங்கியது. ஒரு கடையில் உட்கார்ந்தோம். நான் கேட்டேன்: "இவ்வளவு நல்ல சாமானை நீ முன்னாடியே வாங்கியிருக்கக் கூடாதா?"

அவள் சிரித்தாள். "வாங்கினேனே அண்ணா. அதாலேதான் கழுத்து சீக்கிரம் போச்சு."

கதை இது. பல வருடங்களுக்கு முன் ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தாள். வெளியே வரிசையாகக் கடைகள். ஒரு விற்பனையாளர் ஒரு லூப்பை மாட்டிவிட்டார். உள்ளங்கை ரேகை மலைப்பாதை மாதிரி தெரிந்தது. உடனே பணம் கொடுத்து வாங்கிவிட்டாள். அவர் அவள் உயரத்தைக் கேட்கவில்லை. எந்த நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறாள் என்று கேட்கவில்லை. இரண்டு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்கவில்லை. எல்லாருக்கும் ஒரே அளவு. செருப்புக் கடையில்கூட இப்படி விற்க மாட்டார்கள்.

லூப்பில் மூன்று அளவுகள் முக்கியம் என்று பின்னால்தான் புரிந்துகொண்டாள். முதலாவது, வேலைத் தூரம். கண்ணுக்கும் பல்லுக்கும் இடையே எவ்வளவு தூரத்தில் உருவம் தெளிகிறதோ அது. பொதுவாக 35-லிருந்து 50 சென்டிமீட்டர். ஆளின் உயரத்தையும் கை நீளத்தையும் பொறுத்தது. அவளுடையது அவளுக்கு மிகக் குட்டை. தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் கிட்டே போயாக வேண்டும். எந்தக் குனிவைத் தவிர்க்க வாங்கினாளோ, அதே குனிவை அந்தக் கண்ணாடி கட்டாயமாக்கியது. இரண்டாவது, சாய்வுக் கோணம். குழல்கள் கீழ்நோக்கி எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்பது. சாய்வு போதாவிட்டால் மீதிச் சாய்வைக் கழுத்து கொடுக்க வேண்டும். மூன்றாவது, கண்மணிகளின் இடைவெளி. அது பொருந்தாவிட்டால் இரண்டு உருவங்கள் ஒன்றாக இணையாமல் தலைவலி. முதல் இரண்டும் சரியில்லாத கண்ணாடியோடு அவள் வருடக்கணக்கில் வேலை செய்தாள். "நல்லாத் தெரியுதே என்கிற சந்தோஷத்தில கழுத்தைக் கவனிக்கலை" என்றாள். வெறும் கண்ணோடு இருந்தால் வலித்தபோது தலையை அசைத்திருப்பாள். லூப் போட்டவர் அசைந்தால் உருவம் கலைந்துவிடும். ஆகவே அசைவதுமில்லை. தப்பான கண்ணாடி ஒரு மூக்கணாங்கயிறு.

கிளினிக் பூட்டிக் கிடந்த மூன்று மாதமும் பாங்க் தவணை நிற்கவில்லை. நர்ஸ் பெண்ணுக்குச் சம்பளம் நிற்கவில்லை. இனி வேலையை விட்டுவிட்டுக் கல்லூரியில் பாடம் நடத்தப் போய்விடலாமா என்று யோசித்தாளாம். கடைசியில், முறையாக அளவெடுத்துக் கொடுக்கும் ஓர் இடத்தைத் தேடிப் போனாள். அவள் வழக்கமாக உட்காரும் நிலையிலேயே உட்காரவைத்து அளந்தார்கள்.

இப்போது அவள் அணிவது இன்னும் புதிய வகை. அதில் முப்பட்டகம் ஒளியை வளைத்துக் கொடுக்கிறது. டாக்டர் சுவரைப் பார்ப்பது போல் நேராகப் பார்க்கிறார். கண்ணில் தெரிவது மடியருகே இருக்கும் நோயாளியின் வாய். நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப்பைத் திருப்பி வைத்த மாதிரி. முதல் சில வாரங்கள் கையும் கண்ணும் வேறு வேறு ஊரில் இருப்பது போல் தோன்றியதாம். எடுத்த ஊசியை வைக்க இடம் தேடியிருக்கிறாள். பிறகு பழகிவிட்டது. குறைகளும் உண்டு. மற்ற வகைகளை விட மூக்கில் கனம், பையிலும் கனம். கண்ணாடிக்கு வெளியே நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் தனியாகக் குனிய வேண்டும். புதிய சரக்கு என்பதால், இருபது வருடம் அணிந்தவரின் கழுத்து எப்படி இருக்கும் என்று சொல்ல இன்னும் இருபது வருடம் ஆகும்.

இங்கே ஒரு நியாயமான எச்சரிக்கை. லூப் போட்டால் உட்காரும் நிலை சீராகிறது என்று மாணவர்களை வைத்து நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. வலி போய்விடும் என்பதற்கான சான்று அவ்வளவு உறுதியாக இல்லை. என் தங்கையும் அதைத்தான் சொன்னாள்: "கண்ணாடி பாதி அண்ணா. நாற்காலி மீதி." நோயாளியை நன்றாகப் படுக்கவைத்து, அவர் வாய் டாக்டரின் முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். மேல் பற்களை எட்டிப் பார்க்காமல் சிறு கண்ணாடியில் பிம்பம் பார்த்துச் செய்யப் பழக வேண்டும். சாமான்களை எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் பக்கத்தில் வேண்டும். ஒரு நோயாளி போய் அடுத்தவர் வருவதற்குள் எழுந்து தோளைச் சுழற்ற வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் லட்சம் ரூபாய்க் கண்ணாடியை மட்டும் மாட்டிக்கொண்டால், கழுத்துவலியைத் தெளிவாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

லட்சம் என்றது மிகையல்ல. வெளிநாட்டுப் பெயர் பெற்ற கம்பெனிகளின் சரக்கு அந்த எல்லையைத் தொடுகிறது. சில தாண்டவும் செய்கின்றன. இன்னொரு பக்கம், சில ஆயிரம் ரூபாய்க்கு எல்லாருக்கும் ஒரே அளவுச் சரக்கும் கிடைக்கிறது. கடன் வாங்கிப் படித்துவிட்டு, வேறொருவர் கிளினிக்கில் சொற்பச் சம்பளத்துக்கு உட்காரும் இருபத்து நாலு வயதுப் பெண் எதை வாங்குவாள் என்று சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் பல கல்லூரிகளில் மாணவர்கள் ஆரம்பத்திலேயே அளவெடுத்து வாங்கிவிடுகிறார்கள். இங்கே பெரும்பாலோருக்குக் கழுத்து போன பிறகுதான் கண்ணாடி நினைவு வருகிறது. ரஃபியுத்தீன் அகமது 1920-ல் கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். நூறு வருடம் தாண்டிவிட்டது. 1948-ம் வருடச் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பல்லைக் காக்கக் கற்றுத் தருவதோடு, காப்பவரின் முதுகைக் காக்கவும் பாடத்தில் சில மணி நேரம் ஒதுக்க இதைவிட நல்ல சமயம் வராது.

விலையை இறக்க முடியாதா? முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலாப் 1992-ல் தொடங்கியபோது, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாத இறக்குமதிச் சரக்கு. இங்கேயே செய்து விலையை அடிமட்டத்துக்கு இறக்கினார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. அரவிந்தின் மருத்துவமனை இப்போது திருப்பதியிலும் இருக்கிறது. அதைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமியின் கதை இந்த இடத்தில் இன்னும் பொருத்தம். இளம் வயதிலேயே கடுமையான மூட்டுவாதம் வந்து அவருடைய விரல்கள் கோணிப் போயின. சர்ஜனாக முடியாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் தம் விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டு, பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆபரேஷன்களைச் செய்தார். எர்கோனாமிக்ஸ் என்ற வார்த்தைக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த அகராதியிலும் கிடைக்காது.

பல் டாக்டர்களுக்கு மட்டுமான விஷயமும் அல்ல இது. அசாமில் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயது தாண்டிய 751 தொழிலாளர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் 2018-ல் வெளிவந்தது. பாதிப் பேருக்குக் கிட்டப் பார்வைக்கான சாதாரணக் கண்ணாடி கொடுத்தார்கள். பெறாதவர்களை விட அவர்கள் பறித்த இலை ஏறக்குறைய 22 சதவிகிதம் அதிகரித்தது. கூலி எடைக்கு என்கிற இடத்தில் அது அப்படியே வருமானம். அலிபிரியிலிருந்து அதிக தூரமில்லாத காளஹஸ்தியில், மூங்கில் குச்சியைப் பேனாவாக்கித் துணியில் கலம்காரி வரைபவர்கள் இருக்கிறார்கள். நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து குனிந்து வரைகிற வேலை. அவர்கள் கண்ணையும் கழுத்தையும் யார் அளவெடுத்தார்கள்?

என்றாலும் எல்லாவற்றையும் விடப் பெரிய தடை விலை அல்ல, வீம்பு என்று என் தங்கை சொல்கிறாள். "நாங்கள்லாம் வெறும் கண்ணால செய்யலையா?" என்பார்களாம் மூத்தவர்கள். செய்தார்கள்தான். அவர்களில் எத்தனை பேர் ஓய்வு பெறும் வயதுக்கு முன்பே கழுத்துப் பட்டையோடு வீட்டில் உட்கார்ந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நோயாளிகளும் சளைத்தவர்கள் இல்லை. "மேடத்துக்குக் கண்ணு சரியாத் தெரியாதா?" என்று ஒரு பெரியவர் நர்ஸிடம் ரகசியமாக விசாரித்தாராம். அவள் அவரை அழைத்து லூப்பை மாட்டிவிட்டு, அவர் கையில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தைக் கொடுத்தாள். அவர் நாணயத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணாடி எங்கேம்மா கிடைக்கும்?" என்றாராம். பழைய தட்டார்.

முழங்கால் முறிச்சானுக்கு வந்தோம். செங்குத்தான படிகள். மலையை மிதிக்கக் கூடாதென்று ராமானுஜர் முழங்காலால் ஏறினார் என்பார்கள். அதை நினைத்துச் சிலர் அங்கே முழங்காலால் ஏறிக்கொண்டிருந்தார்கள். என் தங்கை நிமிர்ந்து, நேரே பார்த்தபடி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். நான்தான் குனிந்துகொண்டு மூச்சு வாங்கினேன்.

மேலே போனதும் கல்யாணக்கட்டாவில் எனக்கு மொட்டை. நாவிதருக்கு ஐம்பது வயதிருக்கும். என் தலையைச் சாய்த்து அதன் மேல் கவிழ்ந்து, இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். நிமிரும்போது ஒரு கையால் பிடரியைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் அடுத்த தலை வந்து உட்கார்ந்துவிட்டது.

தங்கை அவரையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். அருகில் போய்த் தெலுங்கில் கேட்டாள், கட்டைவிரல் மரத்துப் போகிறதா என்று. அவர் கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு எப்படியம்மா தெரியும்?" என்று கேட்டார்.